தொடாத வண்டி

பாப்பா அம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் நலம். இன்று கூடுதலாகவே நலம்.

படுக்கையும் அடுப்பும் வைத்த நாற்பது கேரவன்கள் குளிர்காலம் முழுக்க எங்கள் கொட்டகையில் நிற்கும். சும்மா நின்றாலும் உள்ளே ஓடும் கடிகாரமும் அலாரமும் பேட்டரியைக் குடித்துவிடும். வயரைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுவது என் வேலை. மேனேஜரின் சொந்த வண்டியும் அங்கேதான் நிற்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றே எல்லார் முன்னாலும், "அந்த அழுக்குக் கைய என் வண்டி மேல வைக்காத" என்றான். வைக்கவில்லை. நான்கு மாதமாக அதன் தூசியைக்கூடத் தட்டவில்லை.

இன்று காலை குடும்பத்தோடு டூர் கிளம்ப வந்தான். சாவியைத் திருப்பினான், வண்டியில் மூச்சுப்பேச்சு இல்லை.

"பேட்டரிய பாக்கலையா நீ?"

"நீங்கதானே சார் தொடக்கூடாதுன்னு சொன்னீங்க" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு. சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தேன்.

என் பைக்கை வாரம் ஒருதடவை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடு. அப்போது எனக்குப் போன் போடு. பேச எதுவும் இல்லாவிட்டாலும் அந்தச் சத்தத்தையாவது கேட்கிறேன்.

அவசரமாக முடிக்கிறேன். வண்டியைச் சார்ஜர் பக்கம் தள்ளச் சொல்லி மேனேஜர் மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறான். கை கழுவிக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.