மூன்றாவது ஓலை

1911 அக்டோபர் 8, ஞாயிறு

விடாத மழை. குடை கிழிசல், தைக்கணும். காலை ஆராதனையில் எங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசித்தார்கள்: அம்பாசமுத்திரம் கம்பவுண்டர் யோ.வும் நானும் மணம் செய்ய இருக்கிறோம், தடை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம் என்று. யாரும் எழவில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்கணும். (முழுப்பெயர் எழுதக் கை கூசுகிறது. வெட்கங்கெட்ட கை, அவருக்குக் கடிதம் மட்டும் நாலு பக்கம் எழுதும்.)

ராகேல்தான் ஞானப்பாட்டு எடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியை, விடுதியில் பக்கத்துப் பாய். அவள் தொண்டையைத் திறந்தால் சபை முழுக்க எழுந்துவிடும்.

அக். 13, வெள்ளி

மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை. பாதிப் பேர் பூச்சியம். மத்தியானம் அண்ணன் வந்தான். அவன் பார்த்த மாப்பிள்ளையை நான் வேண்டாம் என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

"மூணாவது ஓலையில நான் எந்திச்சு நிப்பேன். யாரு என்ன செய்யுதாங்கன்னு பாக்கேன்."

சொல்லக் காரணம் ஒன்றும் கிடையாது. ஆனால் எழுந்து நின்றாலே போதும். விசாரணை, சபைக் கூட்டம் என்று மாசக்கணக்கில் இழுக்கும். தடைபட்ட கல்யாணம் என்று யோ.வின் அம்மா பின்வாங்கிவிடுவாள்.

அழுதேன். ராகேல் சுக்குத்தண்ணீர் போட்டுத் தந்தாள், தலையை மடியில் வைத்துக்கொண்டாள். இவள் இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன்!

அக். 15, ஞாயிறு

இரண்டாம் ஓலை. அண்ணன் வரவில்லை. யோ. கடிதம், வழக்கம்போல ராகேல் பெயருக்கு. நீ உறுதியாக இரு, நானும் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். மூன்று தடவை படித்தேன்.

அக். 19, வியாழன்

நீலச்சேலை துவைக்க. நோட்டு திருத்த. குடை. அண்ணனிடம் பேச.

பேசியாயிற்று. நீ எழுந்தால் நானும் எழுந்து சபை நடுவே பதில் சொல்வேன் என்றேன். சிரித்தான்.

"பொம்பள கோயில்ல வாயத் திறப்பாளோ?"

ராகேலிடம் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். சொன்னதைச் செய்யத்தான் போகிறேன். பதிலை நாலு வரியில் எழுதி மனப்பாடம்.

அக். 22, ஞாயிறு

வெயில். அண்ணன் முன்வரிசையில். ஓலை வாசித்து முடிந்தது. போதகர் ஐயா நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் செருமிக்கொண்டு எழுந்தான். நானும் எழக் கையை ஊன்றினேன்.

அதற்குள் ராகேல் பாட்டை எடுத்துவிட்டாள். பாட்டு எண்கூடச் சொல்லவில்லை. பழக்கதோஷம், சபை மொத்தமும் எழுந்து நின்று பாடிற்று. நின்றவர்களில் அண்ணனும் ஒருத்தன். எல்லோரும் பாடுகையில் அவன் மட்டும் என்ன செய்வான்? இரண்டாம் சரணத்தில் அவனும் பாடினான். முடியும்போது ஐயா ஓலையை மடித்துவிட்டிருந்தார், தடை சொல்லும் நேரம் போயிற்று.

சாயங்காலம் ராகேலைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவசரப்பட்டுவிட்டேன் என்றாளாம். இனி அவள் பாட்டு எடுக்கக் கூடாது என்று உத்தரவு. ஆறு வருஷமாக எடுத்தவள்.

நான்தான் அழுதேன். அவள் குடையை நீட்டினாள், தைத்து முடித்திருந்தாள்.

"ஒன் கல்யாணத்துக்குப் பாட முடியாது. பக்கத்துல நிக்கேன், போதுமா, ஏட்டி?"

போதும்.