ஜெனி விளையாடிய மண்

2011 ஜூலை 14, வியாழன்

காலையில் நாய்க்குட்டி அப்பு முற்றத்தில் வாந்தி எடுத்தது. அதில் சேமியா மாதிரி வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. வயிறு உப்பியிருந்ததைப் பார்த்து நன்றாகத் தின்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஜெனியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து அஞ்சுகிராமம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் எடை பார்த்துப் பூச்சிமருந்து ஊற்றினார். "ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் குடுக்கணும். வீட்ல பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டார்.

"மக உண்டு சார், மூணு வயசு."

"நாய் வெளிக்குப் போற மண்ணுல விளையாட விடாதீங்க. புழு முட்டை கை வழியா வயித்துக்குள்ள போவும். அபூர்வமா கண்ணைக்கூடப் பாதிக்கும். பிள்ளையையும் டாக்டர்ட்ட காட்டிருங்க."

அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. அந்த மண்ணில்தான் ஜெனி தினமும் சோறு பொங்கி விளையாடுகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஓடிவந்து அப்புவின் மூக்கில் முத்தம் கொடுத்தாள். பயத்தில் அடித்துவிட்டேன். இதுவரை அவளை அடித்ததே இல்லை. பிறகு அவள் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அப்பு வயிற்றில் பூச்சி, மருந்து குடித்திருக்கிறது, இப்போது தொடக்கூடாது என்று சொன்னேன்.

படுக்கும்போது, "அம்மா, நானும் அந்த மருந்தைக் குடிச்சா அப்புகூட விளையாடலாமா?" என்று கேட்டாள்.

"விளையாடலாம் மக்கா. நாளைக்கு டாக்டர்ட்ட போவோம்" என்றேன்.

இப்போது தூக்கத்தில் கண்ணைக் கசக்குகிறாள். எல்லாப் பிள்ளைகளும் தூக்கத்தில் கண்ணைக் கசக்கும்தானே.