எட்டு போல்ட், இரண்டு தாள்

ஜூலை 7, 2003, திங்கள்

காலையிலிருந்து சாரல். அலுவலக ஜன்னல் மூடவில்லை, மரம் ஊறிப் பருத்துவிட்டது. விசிறி அடித்தள வரைபடம் முடிந்தது. கூடலூர்ப் பக்கம் மூடிய தேயிலை ஃபாக்டரி ஒன்றிலிருந்து இலை உலர்த்தும் பழைய டிரையரை வாங்கி, அதன் காற்று விசிறியோடு இங்கே நிறுத்தப்போகிறார்கள். செத்த வீட்டுக் கட்டில். இலை விலை இப்படி விழுந்த பிறகு புதிதாக யார் வாங்குவார்கள்.

இனி நீலக்கோடு விழும் அமோனியா பிரதி கிடையாது. எல்லாம் பி.டி.எஃப். சந்திரமோகன் உத்தரவு. கல்லூரியில் என் வரைபடத்தைக் கண்ணாடிமேல் வைத்து, கீழே விளக்கெரித்து, கோட்டுக்குக் கோடு பிரதி எடுத்துத் தேறியவன். இன்று கோவை அலுவலகத்தில் திட்ட மேலாளர். இருபது வருடம் இங்கே ஜெகதளா மழையில் ஊறிய நான் அவனுக்குக் கீழே.

மாற்றும்போது பார்க்க வேண்டியவை (எனக்காக):
- தாள்: ஏ1.
- அளவு: ஒன்றுக்கு ஐந்து (தாளில் 1 செ.மீ., தரையில் 5). ‘தாளுக்குள் அடக்கு’ என்ற கட்டத்தில் குறி இருக்கவே கூடாது, கோடு சுருங்கிவிடும்.
- முடிந்தபின் கோப்பைத் திறந்து பக்க அளவு பார். 841 × 594 மி.மீ.

மூன்றும் சரி. 4.10க்கு அனுப்பியாயிற்று. குடை வீட்டில்.

ஜூலை 9, புதன்

மூடுபனி. ச.மோ.விடமிருந்து கோப்பு திரும்பி வந்தது. “ஒப்புதல். அச்செடுத்து வேலைக்குக் கொடுக்கவும்.” என் பெயருக்கு மேலே தன் பெயரைச் சேர்த்திருக்கிறான். அதற்காகத் திறந்து, மறுபடி பி.டி.எஃப். ஆக்கியிருக்கிறான். பழக்கத்தில் பக்க அளவைப் பார்த்தேன். 594 × 420. ஏ2. தாளுக்குள் அடக்கிவிட்டான். மூலையில் மட்டும் ஒன்றுக்கு ஐந்து என்றே நிற்கிறது. பத்து செ.மீ. இருக்க வேண்டிய கோடு ஏழு செ.மீ.

தொலைபேசியை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

போன மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும்: “உங்களுக்குக் கம்ப்யூட்டர் புதுசுங்க சார், மெதுவாப் பழகிக்குங்க.” அந்தச் ‘சார்’தான் அதிகம் எரிந்தது. இப்போது அவன் பழகட்டும்.

தட்டச்சு சரோஜா: “ஏனுங்க சார், தனியாச் சிரிக்கறீங்க? சம்பளம் ஏத்திட்டாங்களா?”

“இல்லைம்மா. இதை ஊட்டிக் கடைக்கு அச்சுக்கு அனுப்பு.”

“அதானுங்க. சம்பளம் ஏறுனா நானல்லோ மொதல்ல சிரிச்சிருக்கோணும்.”

ஜூலை 10, வியாழன்

அச்சு வந்தது. ஃபிட்டர் முத்தையாவை வரச்சொல்லி நானே கொடுத்தேன். இளவட்டமாக இருக்கும்போது இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். இந்த ஃபாக்டரியின் ஒவ்வொரு போல்ட்டும் அவர் கைபட்டது.

தாளைத் திருப்பிப் பார்த்தார். “சிறுத்துப் போயிருக்கே ஐயா. தேயில வெல மாதிரி.”

“இனிமேல் இப்படித்தான் வரும்.”

தாளில் எழுதிய எண்களைப் படிக்க மாட்டார். இங்கே எந்த ஃபிட்டரும் படிப்பதில்லை. அமோனியா பிரதி வரைந்த அளவிலேயே வரும், எஃகு ஸ்கேலை வைத்து அளந்து ஐந்தால் பெருக்கினால் போதும். ஒரு தடவையும் ஏமாற்றியதில்லை. “எழுத்து ஆபீசுக்கு, ஸ்கேலு எங்களுக்கு” என்பார். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தேன்.

விசிறி வந்ததும் பொருந்தாது. ச.மோ.வைக் கேட்பார்கள். கான்கிரீட்டை உடைக்க ஒரு நாள். யாருக்கும் பெரிய சேதமில்லை.

பல்வலி. கிராம்புத் தைலம்.

ஜூலை 11, வெள்ளி

கான்கிரீட் போட்டார்கள். எட்டு போல்ட். நேராக, அழகாக, தப்பான இடத்தில். பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்போதும் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 19, சனி

பலத்த காற்று. லாரி வந்தது. விசிறியைச் சங்கிலியில் தூக்கி இறக்கினார்கள். ஒரு போல்ட் நுழைந்தது. மற்ற ஏழும் ஓட்டைக்கு வெளியே. மதியம் ச.மோ. ஜீப்பில் வந்தான். தாளைப் பார்த்தான், முகம் ஒரு நொடி மாறியது. தாள் சிறுத்ததைக் கண்டுகொண்டுவிட்டான். பிறகு உரத்த குரலில்:

“நம்பர் தெளிவா எழுதியிருக்கு. அதப் படிக்காம ஸ்கேல வெச்சு அளந்தது யாரு?”

முத்தையா கையைத் தூக்கினார். பள்ளிப் பிள்ளை மாதிரி.

ஆள்குறைப்புக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த மேனேஜருக்கு அது போதும். முத்தையா தற்காலிக நீக்கம். திங்களன்று விசாரணை. வேலை போனால் அதோடு கொடுத்த லயன் வீடும் போகும்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த எண்களை எழுதியதே நான்தான்.

ஜூலை 20, ஞாயிறு

முத்தையா வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. டீ ஆறியது.

“ஒண்ணே ஒண்ணு ஐயா. நான் அளந்தது பிழையா?”

“இல்லை.”

“அத மட்டும் நாளைக்கி மேனேஜர் தொரகிட்டச் சொல்லிருங்க. அது போதும்.”

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். இரண்டு தாள்களையும் எடுத்து வைத்தேன்.

ஜூலை 21, திங்கள்

மேனேஜர் மேசைமேல் இரண்டையும் விரித்தேன். என்னுடையது ஏ1. அவனுடையது ஏ2. ஒரே கோடு, இரண்டு நீளம். ச.மோ. பாதித் தண்ணீரோடு டம்ளரைக் கீழே வைத்தான். அந்த நிமிடம் நன்றாக இருந்தது, மறைப்பதற்கில்லை.

பிறகு அவன் கேட்டான், மெதுவாக: “இது உங்க கண்ணுல எப்பப் பட்டுச்சு?”

“ஒன்பதாம் தேதி.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவனுடைய தப்பை வந்த அன்றே கண்டுபிடித்தவன் என்று காட்ட வேண்டுமே.

மேனேஜர் பேனாவை மூடினார். முத்தையா என்னைப் பார்த்தார். “பத்தாந் தேதிதானே ஐயா எங் கையில குடுத்தீங்க.”

மேனேஜர் மறுபடி பேனாவைத் திறந்தார்.

முத்தையாவுக்கு வேலை உண்டு, வீடு உண்டு. ச.மோ.வுக்கு எச்சரிக்கை. நான் மூன்று நாளில் விளக்கம் எழுதித் தர வேண்டும். சுருக்கி அனுப்பியவனுக்கு எச்சரிக்கை, சும்மா இருந்தவனுக்கு விளக்கம். எப்போதும் அவனுக்கு இப்படித்தான் வாய்க்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

வெயில். கான்கிரீட்டை உடைக்கிறார்கள், சத்தம் அலுவலகம்வரை கேட்கிறது. ஏ1 தாளில் புது அச்சு வந்தது. வாங்கிப்போக முத்தையா வந்தார். மேசையில் விரித்தார். ஸ்கேலை எடுத்து முதலில் தாளையே அளந்தார். நீளம். அகலம். மறுபடி நீளம். சுருட்டிக்கொண்டு போனார்.