வெண்ணெய் போடாத சீஸ் கிழங்கு

என் கண்ணான வேதவல்லி அக்காவுக்கு,

உன் ஓரகத்தி கோவிந்தம்மா எழுதுவது. போன இடத்தில் நன்றாக இருக்கிறாயா என்று நான் கேட்கப் போவதில்லை. நீ எங்கே போனாலும் நன்றாகத்தான் இருப்பாய். கால் வைத்த மறுநாளே அங்கே இருக்கிறவர்களை எல்லாம் உன் பக்கம் இழுத்துக்கொண்டிருப்பாய். எனக்குத் தெரியாதா?

பேத்தி கல்யாணி இதைப் பத்திரிகைக்கு அனுப்பி வைக்கிறேன் என்கிறாள். பி.யூ.சி. படிக்கிறாள் இப்போது, நம் வீட்டில் அவ்வளவு படித்த முதல் பெண். பிழை திருத்தித் தரட்டுமா ஆயா என்று கேட்டாள். நான் படித்தது அஞ்சாம் வகுப்புதான், ஆனால் அந்தக் காலத்து அஞ்சாம் வகுப்பு, ஒரு கொம்பு கூட மாறாது போடி என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் படிக்கட்டும். நான் உன் மேல் பொறாமைப்பட்டது நம் தெருவுக்கே தெரியும், ஊருக்கும் தெரிந்தால் என்ன குறைந்துவிடும்?

பொறாமைப்பட்டது என்று எழுதுவது கூடச் சரியில்லை. இன்னும் படுகிறேன்.

நீ போன அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன் கேள். கூடத்தில் உன்னைப் படுக்க வைத்திருக்கிறது. தென்னேரியிலிருந்து நம் நாத்தனார் வந்து, மாரில் அடித்துக்கொண்டு அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "இனிமே அந்த சீஸ் கிழங்கை யார் செஞ்சு குடுப்பாங்க எனக்கு?" என்றாள். நான் அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் பிள்ளைப்பேறு ஒவ்வொன்றுக்கும் பத்தியக் குழம்பு வைத்துக் கொட்டியவள் நான். எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. அதுவரைக்கும் நிஜமாகத்தான் அழுதுகொண்டிருந்தேன் அக்கா.

நீ மூத்த மருமகள், சரி. ஆனால் தாலி ஏறின கையோடு பெங்களூர் பட்டு மில்லுக்கு உன் வீட்டுக்காரரோடு, என் மூத்தாரோடு, போய்விட்டாய். இங்கே மாமியாரிடம் இடிபட்டு இந்த அடுப்படியைக் கைக்குள் கொண்டுவந்தவள் நான். வத்தக்குழம்பு வாசனை எழும்பினால் தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டுகிறவர்கள் கூட நம் வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் நீங்கள் மில் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தீர்கள். ஜட்கா வண்டியிலிருந்து நீ இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இடுப்பில் உன் மகள் வசந்தா. கையில் மூடி போட்ட கனத்த இரும்புச் சட்டி. பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரம்மா கொடுத்தாள், அவளேதான் இந்தக் கிழங்கும் சொல்லித் தந்தாள் என்றாய்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே செய்தாய். உருளைக்கிழங்கை முக்கால் வேக்காட்டில் எடுத்து வில்லை வில்லையாக நறுக்கி, வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிக் குழம்பாக்கி, அடுக்குக்கு அடுக்கு அதை ஊற்றி, டின்னிலிருந்து சீஸைச் சீவிச் சீவிப் போட்டாய். சட்டிக்கு அடியிலும் தணல், மூடி மேலும் தணல். திறந்தபோது மேலே செம்பழுப்பாகப் பூத்திருந்தது. ஓரத்தில் ஒட்டிக்கொண்ட முறுகலுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொண்டன. ரசம் சாதத்துக்கு அதைத் தொட்டுக்கொண்டு உன் கொழுந்தனார், அதுதான் என் வீட்டுக்காரர், "இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணி" என்றார். என் கையால் சாப்பிட்டு எத்தனையோ வருஷம், என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. ராத்திரி கேட்டதற்கு, "நீதான் கேக்கறதுக்கு முன்னாடியே போட்டுடறியே" என்றார். நம்புவேனா நான்?

சொல்லித் தருகிறேன் வா என்று நீ எத்தனையோ தரம் கூப்பிட்டாய். எனக்கென்ன தலையெழுத்து என்று வரவில்லை. ஆனால் மிளகாய் கிள்ளுகிற சாக்கில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டேன். உனக்கும் அது தெரியும். அன்றைக்கெல்லாம் நீ கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துதான் சமைப்பாய், எனக்கு மறைக்காமல். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

இனி இங்கத்துச் சேதி. உன் வீட்டுக்காரருக்குத் தை மாசத்தில் நெஞ்சு வலி வந்தது. பயப்படாதே, தேறிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். நெய், வெண்ணெய், பாலாடை எதுவும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனுஷர் அதற்கு முன்பே சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ போனதிலிருந்து இலையில் உட்காருவார், இரண்டு பிடி பிசைவார், எழுந்துவிடுவார். டாக்டர் சொன்னது அவருக்கு நல்ல சாக்காகப் போயிற்று.

வசந்தா சும்மா இருப்பாளா? வாலாஜாபாத்திலிருந்து வரும்போது, அவள் வீட்டுக்காரர் மெட்ராசில் வாங்கின சீஸ் டின்னைக் கொண்டுவந்து, ஒரு நாள் தின்றால் ஒன்றும் ஆகாது என்று உன் சட்டியிலேயே உன் மாதிரியே செய்து வைத்தாள். மூத்தார் ஒரு வில்லையைத் தொட்டார். விரலெல்லாம் வெண்ணெய். இலை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு எழுந்துவிட்டார். பெண் முகம் வாடிப் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. வெண்ணெய் இல்லாமல் லேசாக நான் ஒரு தரம் செய்து பார்க்கிறேனே என்று சொன்னேன்.

உன் பெண் உன்னைப் போலவே சிரித்துக்கொண்டே குத்துவாள். "சித்தி, நீ குழம்புக்கு ராணி, அதை யாரு இல்லேன்னாங்க? இது வேற. அம்மா கைப்பக்குவம் உனக்கு வராது" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேனோ என்னவோ. தென்னேரி நாத்தனாரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள். நாத்தனார் ஆளிடம் சொல்லி அனுப்பினாள்: கருட சேவைக்கு எல்லாரும் வருகிறோம், கோவிந்தம்மா கிழங்கு சாப்பிடாமல் போக மாட்டோம் என்று. அந்தக் கேலி எனக்குப் புரியாதா? சரி, வரட்டும் என்றேன். அவர்கள் அத்தனை பேர் வாயாலும் இது கோவிந்தம்மா செய்தது என்று சொல்ல வைக்கிறேன் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

முதலில் வெண்ணெய்க்குப் பதிலாகத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு ஊற்றினேன். திரிந்து போய்ப் புளித்தது. மாட்டுக்குப் போட்டால் அது கூட முகர்ந்து பார்த்து நகர்ந்துவிட்டது. வெறும் பால் ஊற்றினேன், கிழங்கு ஒரு பக்கம் தண்ணீர் ஒரு பக்கம். நொந்துபோய் வாசலில் நின்றேன். தெருவில் பாவு நூலை நீட்டி உன் கொழுந்தனார் கஞ்சி போட்டு நீவிக்கொண்டிருந்தார். பார்த்தேன். ஒரு சொட்டு வெண்ணெய் இல்லாமல் வழவழவென்று இழையோடு இழை பிடிக்கிற சாமான் நம் வீட்டிலேயே காய்கிறது. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தேன் புத்தியை?

பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, ஆடை எடுத்த பாலில் கரைத்துக் காய்ச்சினேன். நசுக்கின பூண்டு, மிளகுத்தூள், உப்பு. பாவுக் கஞ்சிக்குப் பதம் பார்க்கிற மாதிரியே விரலில் தொட்டு இழுத்துப் பார்த்தேன். சீஸை அடுக்குக்கு அடுக்கு போடவில்லை. அடியில் புதைத்து என்ன லாபம்? ஜரிகையை எவனாவது கொசுவத்துக்கு உள்ளே மறைகிற இடத்திலா கொட்டி நெய்வான்? பார்க்கிற இடத்தில்தானே கரை போடுவான்? துருவி மேலே மட்டும் மெல்லிசாகத் தூவினால் போதும், அவர் உடம்புக்கும் கெடுதலில்லை, நாக்கு முதலில் அதைத்தான் தொடும்.

கருட சேவைக்கு முந்தின நாள் ஒத்திகை பார்த்தேன். காய்ச்சின கஞ்சியை ஆறட்டும் என்று வாசல் நடையில் வைத்துவிட்டுக் கிழங்கு உரிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சட்டியில் அடிமட்டம்தான் இருக்கிறது. உன் கொழுந்தனார், "எனக்கு வேலையை மிச்சப்படுத்திட்டா மகராசி" என்று அதை எடுத்துப் பாவுக்குப் போட்டு நீவிக்கொண்டிருக்கிறார்! அந்தப் பக்கம் ஒரு பூனை இரண்டு கால் தூக்கி நின்று பாவை நக்குகிறது. தெருவே கூடிவிட்டது. எதிர் வீட்டு ராஜம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இன்னா கோவிந்தம்மா, சேலைக்கும் தாளிச்சுட்டியா?" என்று கேட்டாள். பாவை அலசி மறுபடியும் கஞ்சி போட்டு முடிப்பதற்குள் அவருக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைக்குப் பூராவும் என்னோடு பேச்சில்லை.

ஆனால் அதுவும் நல்லதற்குத்தான். மிச்சமிருந்த கஞ்சி போதாது. பால் வேறு தீர்ந்துவிட்டது. கிழங்கு வேகவைத்த தண்ணீரையே விட்டு இளக்கி, தடவினால் போதும் என்று வில்லைகளின் மேல் தடவி மட்டும் விட்டேன். தணலில் வைத்து எடுத்தால், அக்கா, கிழங்கு கிழங்காக இருக்கிறது. ஒன்றோடு ஒன்று ஒட்டியும் இருக்கிறது, வாயில் வைத்தால் பிரிந்தும் வருகிறது. கெட்டியாக ஊற்றியிருந்தால் களியாகியிருக்கும். மறுநாளைக்கும் அதே பதம்தான் என்று முடிவு செய்தேன்.

கருட சேவை பார்த்துவிட்டு எல்லாரும் வந்தார்கள். கூடத்தில் பந்தி. என் மருமகள் சுகுணாதான் பரிமாறினாள். நான் கதவுக்குப் பின்னால். மூத்தார் இருக்கிற இடத்தில் நான் முன்னால் வந்து நின்றதோ, முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசினதோ கிடையாது, உனக்குத் தெரியாததா? அவர் சொல்வது எனக்கும் நான் சொல்வது அவருக்கும் உன் வாயால்தான் வந்து போகும். நீ போனபிறகு ஒரே கூரைக்குக் கீழே இரண்டு ஊமைகள் மாதிரிதான் இருந்தோம்.

நாத்தனார் ஒரு வாய் போட்டுக்கொண்டாள். வசந்தாவும் ஒரு வில்லையைப் பிட்டுப் போட்டுக்கொண்டாள். எல்லாரும் மூத்தார் இலையைத்தான் பார்த்தார்கள். ஒரு வில்லை எடுத்தார். இன்னொன்று. ரசம் சாதத்தோடு முழுக்கத் தின்றுவிட்டுச் சுகுணாவைப் பார்த்தார். அவள் மறுபடி வைத்தாள். அதையும் தின்றார். எனக்கு மார் விம்முகிறது. இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

யாரையும் பார்க்காமல் சொன்னார். "வேதவல்லி கையால சாப்பிட்ட மாதிரியே இருக்குது."

அவ்வளவுதான். நாத்தனார் முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். அம்மாதான் வந்து செஞ்சுட்டுப் போயிருக்குது நைனா என்று வசந்தா விசும்புகிறாள். சுவரில் உன் படம் வேறு மாலையைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறது. நெருப்புக்கு முன்னால் வெந்தவள் நான். பாவைப் பாழாக்கி ஊர் சிரிக்க நின்றவள் நான். செத்தும் என் கையில் இருக்கிற கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாயே அக்கா! எனக்கு என்ன வந்ததோ தெரியாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்து அவர் இலைக்கு எதிரில் நின்றுவிட்டேன்.

"அக்கா செய்யல. இதுல ஒரு பொட்டு வெண்ணெ கிடையாது. இது நான் செஞ்சது."

என் வீட்டுக்காரர் உருட்டின சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூத்தார் தலையைத் தூக்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். ஆனால் என்னிடம்தான் பேசினார்.

"தெரியும்மா. வெண்ணெ இல்லாதது நாக்குக்குத் தெரியாதா? அவ பேரைச் சொல்லி நாளாச்சு. சொல்ல வந்தா நெஞ்சை அடைக்கும். இதைத் தின்னப்போ தானா வாயில வந்துடுச்சு." இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, "நல்லா இருக்குது. நீயே இன்னும் ரெண்டு வை" என்றார்.

என் கையாலேயே வைத்தேன். அன்றைக்கு அவர் இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

ஜெயித்தேனா, தோற்றேனா, நீயே சொல். அவர் வாயைத் திறக்க வைத்தது என் கிழங்கு. திறந்த வாயில் வந்தது உன் பெயர். இதை யாரிடம் போய் நான் பஞ்சாயத்து வைப்பது? இதன் ருசி புரிகிறவள் ஒருத்திதான், அவளும் போய்விட்டாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் அடுப்படி வாசலில் நின்று, "காப்பி ஆச்சாம்மா?" என்று அவரே கேட்டார். இப்போது தினமும் கேட்கிறார். வேளைக்குச் சாப்பிடுகிறார். வசந்தா, எனக்கும் சொல்லித் தா சித்தி என்று பின்னாலேயே சுற்றுகிறாள். கொஞ்ச நாள் சுற்றட்டும், அப்புறம் சொல்லித் தருகிறேன். பேரப் பிள்ளைகள்தான் இன்னும் திருந்தவில்லை. பெரியாயா கிழங்கு செய் ஆயா என்றுதான் கேட்கின்றன. திருத்தித் திருத்தி என் வாய் வலிக்கிறது.

ஆடியில் உனக்கு வருஷப் படையல் வருகிறது. போனவர்களுக்குப் பிடித்ததைத்தானே இலையில் வைக்க வேண்டும்? உனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தேன். நீ அந்தக் கிழங்கை ஒருநாளாவது ஆசையாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லாரும் எழுந்து போனபிறகு என் வத்தக்குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிடுவாய். பிடித்துத்தான் சாப்பிட்டாயா? இல்லை, மிச்சப்பட்டுப் போயிற்றே, இவள் மனசு நோகுமே என்று சாப்பிட்டாயா? ஒரு தரம் கேட்டிருக்கலாம்.

படையலுக்கு நானே சமைக்கிறேன் அக்கா, இது சத்தியம். வத்தக்குழம்பு வைப்பேன், வெண்ணெய் போடாத கிழங்கும் வைப்பேன். உன்னுடைய வெண்ணெய்க் கிழங்கு மட்டும் வைக்க மாட்டேன், கேட்காதே. காக்கைக்கு வைத்துவிட்டு, எதை முதலில் கொத்துகிறாய் என்று கொல்லையில் நின்று பார்ப்பேன். எதைக் கொத்தினாலும் ஜெயம் எனக்குத்தான். இரண்டும் என் கை.

இப்படிக்கு,
முறையில் உனக்கு இளையவளும், அடுப்படியில் உனக்கு மூத்தவளுமான
உன் ஓரகத்தி,
கோவிந்தம்மா