மணலுக்கு ஒரு மட்டை, தரைக்கு ஒரு மட்டை

1947 பிப்ரவரி 6, வியாழன்

காக்கா இன்றைக்கும் வந்தான். அண்ணனை ‘வந்தார்’ என்றுதான் எழுத வேண்டும். நேரில் ‘வாங்க காக்கா’ என்பதுகூட எனக்குத் தொண்டையைத் தாண்டாது. ஆனால் இது என்னுடைய நோட்டு. இதில் வந்தான்.

வந்து முற்றத்தைக் குதறிப் போட்டுவிட்டுப் போனான். போன மாதம்தான் வீட்டு வேலைக்கு வருகிற இசக்கித்தாயக்கா கடற்கரையிலிருந்து கூடை கூடையாக வெள்ளை மணல் கொண்டுவந்து கொட்டினாள். நானும் அவளும் பரப்பினோம். இப்போது கோழி கிண்டின மாதிரி குழி குழியாகக் கிடக்கிறது. நிரவ வேண்டியது யார்? நான்தான், பதுருன்னிஸா. வேறு யார்?

கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு. தூத்துக்குடியில் காக்கா வேலை பார்க்கிற கப்பல் கம்பெனித் துரைக்கு அதில் பைத்தியம். துரை இந்த வருஷம் சீமைக்குத் திரும்புகிறார். போகுமுன் தன் நாற்காலியில் ஆபீஸ் ஆள் ஒருவரை உட்கார வைப்பாராம். காக்கா பெயரும் அடிபடுகிறது, செபாஸ்டின் என்கிற இன்னொரு குமாஸ்தாவின் பெயரும் அடிபடுகிறது. செபாஸ்டின் ஞாயிற்றுக்கிழமைகளில் துரையோடு பந்து அடிக்கிறார். அதனால் காக்காவும் அடித்தாக வேண்டும். முன்பு போன ஒரு துரையின் சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு பை நிறைய மட்டைகளை வாங்கி வைத்திருக்கிறான்.

தூரமாக அடிப்பது வந்துவிட்டதாம். குழிக்குப் பக்கத்தில் போன பிறகுதான் கோளாறு. மெதுவாகத் தூக்கிப் போட வேண்டிய இடத்தில் ஒன்று பந்து நகராது, இல்லை தாண்டி ஓடிவிடும்.

பொண்டாட்டி வீட்டு முற்றத்தில் பழக வேண்டியதுதானே? கல்யாணம் ஆனால் ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவது எங்கள் ஊர் வழக்கம். அவனும் அடுத்த தெருவுக்குப் போய்விட்டான். ஆனால் மாப்பிள்ளை கம்பைச் சுழற்றினால் மாமியார் சிரிப்பாராம். அதனால் பையும் இங்கேதான், குழியும் இங்கேதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

உம்மா பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அயர்ந்துவிட்டாள். பையைத் திறந்தேன்.

இரும்பு முகம் வைத்த குட்டை மட்டைகள் இரண்டு இருக்கின்றன. காக்கா எப்போதும் எடுப்பது மெல்லிசானதை. அரிவாள் மாதிரி அடிப்பாகம். அதை வீசினேன், மணலுக்குள் புதைந்து அப்படியே நின்றுவிட்டது. மணிக்கட்டு தெறித்துவிட்டது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

மற்றதை அவன் தொட்டதே இல்லை. அதற்கு அடிப்பாகம் தடித்து, உருண்டு, தோணியின் அடிவயிறு மாதிரி இருக்கிறது. பார்க்க அசிங்கம். அதை வீசினால் மணலை வழித்துக்கொண்டு வழுக்கிப் போகிறது, பந்து எழும்பிப் பூப்போல விழுகிறது. வேண்டுமென்றே பந்துக்கு நாலு விரற்கடை பின்னால் அடித்துப் பார்த்தேன். அப்போதும் எழும்பியது.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகு பயந்துபோய் எல்லாவற்றையும் நிரவினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அவன் மெல்லிசு மட்டையால் மண்ணை வெட்டிக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, “அந்தத் தடிச்சத எடுங்க காக்கா” என்றேன்.

“உனக்கு என்னளா தெரியும்?”

எனக்குத்தான் பேச்சு வராதே. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தான். முதல் அடியிலேயே பந்து வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தது.

ஏலம் போட்டவன் அப்போதே சொன்னானாம், இந்த மட்டை தப்பாக அடித்தாலும் பொறுத்துக்கொள்ளும் என்று. கிழவர்கள் வைத்துக்கொள்கிற மட்டை என்று இவன்தான் ஒதுக்கிவிட்டானாம். எனக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை.

பிப்ரவரி 15, சனி

காக்காவுக்கு ஏக குஷி. “உனக்கு என்ன வேணும், சொல்லு. கொலுசா?” என்று கேட்டான்.

“டீச்சர்” என்றேன். ஒரே வார்த்தை.

கிருபாபாய் டீச்சர் எனக்கு ஐந்தாம் வகுப்பு வரை பாடம் சொல்லிக்கொடுத்தவர். பெரிய பிள்ளையானதும் என்னை நிறுத்திவிட்டார்கள். போன மாதம் டீச்சர் உம்மாவைப் பார்க்க வந்தார். சாயங்காலங்களில் தானே வீட்டுக்கு வந்து சொல்லித் தருவதாகவும், எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதிவிடலாம் என்றும் சொன்னார். காசு கூட வேண்டாம் என்றார். உம்மா என் முகத்தைப் பார்க்காமல், “மூஸா ஒரு வார்த்தை சொல்லட்டும்” என்றாள். வாப்பா கொழும்பில் கடையில் இருக்கிறார். அதனால் இங்கே எல்லாவற்றுக்கும் என் காக்கா மூஸா நெய்னா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

இன்றைக்கு அவன் சொன்ன வார்த்தை: “நான் ஜெயிச்சா, டீச்சர வரச் சொல்லுதேன்.”

எவனோ ஒரு துரை. ஏதோ ஒரு குழி. அதில் இவன் பந்து விழுந்தால் நான் படிக்கலாம். இது என்ன நியாயம்?

சரி. விழ வைக்கிறேன்.

பிப்ரவரி 22, சனி

இப்போதெல்லாம் நான்தான் மரத்தடியில் கூடையை வைக்கிறேன். இன்றைக்குக் கூடைக்குள்ளேயே விழுந்தது. தடித்த மட்டை ஒன்று போதும், மற்றதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அங்கே தரை எப்படி, புல்லா என்று கேட்டேன். “தூத்துக்குடியில புல்லு ஏதுளா? எல்லாம் மணலுதான்” என்றான்.

மார்ச் 2, ஞாயிறு

அங்கே இன்றைக்கு ஆட்டம். உம்மா காலையிலேயே குர்ஆனை விரித்து யாசீன் ஓதிவிட்டாள். பந்து அடிக்கிறதுக்கு யாசீன்.

மார்ச் 3, திங்கள்

தோற்றுவிட்டான்.

குழிக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் அந்த மட்டை தரையில் பட்டுத் துள்ளியதாம். பந்தின் இடுப்பில் அடித்ததாம். ஒரு பந்து குழியைத் தாண்டி, கூடாரத்தில் தேநீர் வைத்திருந்த மேஜைக்கு அடியில் போய்ச் சேர்ந்ததாம். துரைசானி காலைத் தூக்கிக்கொண்டாராம். செபாஸ்டின் குனிந்து எடுத்துக் கொடுத்து, “மரைக்காயருக்கு டீ வேணும்போல” என்றாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

அதற்கு நான் வருத்தப்பட்டிருப்பேன். நிஜமாகவே பட்டிருப்பேன். ஆனால் அவன் உம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். நான் உள்ளறையில் இருப்பது தெரிந்தே சொன்னான். “எல்லாம் இவ பேச்சக் கேட்டதுதான் உம்மா. வீட்டுக்குள்ள கெடக்கவகிட்டப் போயி மட்ட கேட்டேன் பாருங்க, என்னச் சொல்லணும். டீச்சரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

வீட்டுக்குள்ள கெடக்கவ. கிடக்கிறவள்! நானா வந்து கிடந்தேன்? யார் கிடத்தினது? பள்ளிக்கூடத்துக்குப் போன காலில் முள்ளா குத்தியது எனக்கு?

உம்மா அவனுக்கு மீன் பொரித்துக் கொடுத்தாள். நான் சாப்பிடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

முற்றத்தை நிரவ மாட்டேன். கிடக்கட்டும். என்னைப்போலக் கிடக்கட்டும்.

மட்டையை எடுத்துப் பார்த்தேன். அடிப்பாகம் முழுக்கக் கீறல், ஓர் இடத்தில் சிறு பொக்கை. ஒட்டியிருந்தது மணல் இல்லை, சுரண்டினால் உதிராத செம்மண். மணலில் அடித்த மட்டை இப்படியா ஆகும்?

இசக்கித்தாயக்காவின் வீட்டுக்காரர் அந்த மைதானத்துக்குப் பக்கத்து உப்பளத்தில் வேலை பார்த்தவர். அவளிடம் கேட்டேன். “அது தரையா தாயி? பாறை மாதிரில்லா. உப்பளத்துக்கு மிதிச்ச பாத்தி கணக்கா இறுகிக் கெடக்கும். குழியச் சுத்தி மட்டும் மணலக் கொட்டி, எண்ணெய ஊத்தி, உருளய விட்டு அமுக்கி வச்சிருக்காவ. அங்கன வெறுங்காலோட நின்னா காலு சுட்டுரும்” என்றாள்.

அதைத்தான் அவன் மணல் என்றான். மாதக்கணக்காக அந்தத் தரையில் நடந்தவன். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்க்க வாய்ப்பே இல்லாத எனக்குத்தான் அறிவில்லை என்கிறான்.

மார்ச் 5, புதன்

பின்கட்டில் ஆடு கட்டுகிற இடம். வருஷக்கணக்காக மிதிபட்டு இறுகிப்போன தரை. அங்கே போய்த் தடித்த மட்டையால் அடித்தேன். அந்தத் தோணி வயிறு தரையில் பட்டதும் எகிறிக் குதித்தது. பந்து தாழப் பறந்து செம்புக்குடத்தில் மோதியது. குடம் நெளிந்துவிட்டது. ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின.

காக்கா சொன்னது பொய் இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மெல்லிசு மட்டையை எடுத்தேன். இறுகின தரையில் அது புதையவில்லை. பந்துக்கும் தரைக்கும் நடுவில் ஓலைக்கீற்று மாதிரி நுழைகிறது. ஆனால் சரியாகப் பந்திலேயே பட வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் கையை உதறிக்கொள்ள வேண்டியதுதான், அது எதையும் பொறுக்காது. பந்தை வலது கால் பக்கம் தள்ளி வைத்து அடித்தால் பட்டுவிடுகிறது. கை காய்த்துவிட்டது, ஆனால் வந்துவிட்டது.

மணல் எல்லாத் தப்பையும் விழுங்கிவிட்டது. என் தப்பையும், அவன் தப்பையும். இங்கே கூடையில் விழுந்ததெல்லாம் மணலின் தயவு. இப்போது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. சொல்ல மாட்டேன்.

குடம் நெளிந்ததற்கு ஆட்டின் மேல் பழி போட்டேன்.

மார்ச் 8, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

துரை இன்னொரு ஆட்டம் கொடுத்திருக்கிறார், பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காக்கா சாயங்காலம் வந்தான். முற்றத்துக் கதவை நான் உள்ளே தாழ் போட்டிருந்தேன். தட்டினான். உம்மா திற என்றாள். திறக்கவில்லை. அவன் அடுக்களை வழியாகச் சுற்றி வந்து நின்றான்.

“என்னளா இது?”

எனக்கு வாய் வராது என்று நினைத்தேன். வந்துவிட்டது. “மணல்ல பழகினா அங்கன திரும்பவும் தோப்பிய. எந்த மட்டைய எப்பிடி அடிக்கணும்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.”

அவன் உம்மாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் என் பக்கம் திரும்பி, “எங்க வீட்டுக்கு நான் வரதுக்கு ஒங்கிட்டக் கேக்கணுமா?” என்றான்.

“ஒங்க வீடு அடுத்த தெருவுல இருக்கு காக்கா. இது உம்மா வீடு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஆனால் பொய் இல்லையே! இந்த வீடு உம்மாவுக்கு அவள் உம்மா கொடுத்தது. நாளைக்கு எனக்கு. ஊரில் எல்லா வீடும் அப்படித்தான். வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, அதற்குள் யார் வரலாம் என்பதை மட்டும் ஏன் ஆணிடம் கேட்க வேண்டும்? இதை நான் அங்கே சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

காக்காவின் முகம் சிவந்துவிட்டது. கை ஓங்குவான் என்று நினைத்தேன். ஓங்கவில்லை. உம்மா எழுந்து சேலையை உதறினாள். அவள் குரல் அடுக்களையில் பேசுகிற குரல் மாதிரியேதான் இருந்தது. “அவ சொன்னது சரிதான் மூஸா. டீச்சர் பொம்பளைதான? பொம்பளைக போற முடுக்குச் சந்து வழியா வந்துட்டுப் போவட்டும். இதுக்கு நீ ஜெயிக்கணும்னு என்ன இருக்கு?”

இத்தனை நாளும் இதைச் சொல்லியிருக்கலாமே உம்மா! இத்தனை நாளும்!

அழுதேன். சந்தோஷத்தில் இல்லை.

மார்ச் 10, திங்கள்

ஆட்டுத் தரையைக் காட்டினேன். உம்மாதான் சொல்லச் சொன்னாள். இல்லாவிட்டால் அவன் கெஞ்சும் வரை விட்டிருப்பேன்.

பேசினால் வாய் குழறும், அதனால் மட்டையை எடுத்து நானே அடித்தேன். தடித்தது, பந்து இளகின மணலில் விழுந்தால் மட்டும். தரையில் மெல்லிசு. நான் அடித்து அவன் பார்ப்பது இதுவே முதல் தடவை. கிட்ட வந்து குனிந்து பார்த்தான். பிறகு, “பந்த இன்னும் கொஞ்சம் பின்னால வைக்கணுமா?” என்றான்.

“ஆமா.”

மன்னிப்புக் கேட்கவில்லை. ‘வீட்டுக்குள்ள கெடக்கவ’ என்பது என் காதில் அப்படியே இருக்கிறது.

மார்ச் 12, புதன்

டீச்சர் வந்தார். பழைய பாடங்களைக் கேட்டார். பாதிக்கு மேல் மறந்துவிட்டேன். அதுவும் கோபமாக வந்தது.

மார்ச் 17, திங்கள்

நேற்று காக்கா நன்றாக அடித்தானாம். செபாஸ்டினோடு சமம். மேஜைப் பக்கம் ஒரு பந்தும் போகவில்லையாம். துரை கை கொடுத்தாராம். உம்மா நெய்ச்சோறு ஆக்கி, டீச்சருக்கும் ஒரு தூக்குப்பாத்திரத்தில் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 27, வியாழன்

நாற்காலி காக்காவுக்கும் இல்லை, செபாஸ்டினுக்கும் இல்லை. மதராசிலிருந்து ஒருவர் வருகிறாராம். அவருக்கு இந்த விளையாட்டே தெரியாதாம். துரைக்கு இது தை மாதமே தெரியுமாம். தெரிந்துகொண்டுதான் இரண்டு பேரையும் வெயிலில் ஓட விட்டிருக்கிறார்.

காக்கா கிணற்றடியில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது எனக்கு அந்தத் துரை மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. நான் திட்டினால் திட்டிக்கொள்வேன். இவர் யார் என் காக்காவை ஏய்க்க?

பிறகு நினைத்துப் பார்த்தேன். அவன் ஜெயித்தால்தான் டீச்சர் என்று நானும் தலையாட்டிக்கொண்டு இருந்திருந்தால்?

ஏப்ரல் 3, வியாழன்

டீச்சர் பின்னக் கணக்கு சொல்லித் தந்துகொண்டிருந்தார். முற்றத்து வாசலில் நிழல் தெரிந்தது. காக்கா, மட்டையோடு. துரை கப்பலேறிய பிறகும் இவன் விடவில்லை.

நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான். “பதுரு, நான் இப்ப அடிச்சா ஒங்களுக்குச் சத்தமா இருக்குமா?”

உம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். டீச்சர் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“இருக்கும் காக்கா. இந்தக் கணக்கு முடியட்டும்.”

போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டான். பெரிய கணக்குதான். நான் அவசரப்படவில்லை.