உன் முழம், என் முழம்

உன் பை என் மடியில் இருக்கிறது. ஜிப்பைத் திறந்தால் அந்துருண்டை வாசனையும் பட்டர் பேப்பர் வாசனையும் கலந்து வருகின்றன. கேமரா வைக்கும் பையில் அந்துருண்டை போடுகிற ஆள் இந்த ஆரணியில் நீ ஒருத்தன்தான். பட்டுப்புடவையைக் காப்பாற்றுகிற சாமான் லென்ஸைக் காப்பாற்றாதா என்று கேட்பாய். அதெல்லாம் தப்பு என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கடைசியில் பூஞ்சை பிடித்தது என் லென்ஸில்தான். உன்னுடையது இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது. இதை இப்போதும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஏழு வருஷம் எரிந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகியும் அணையவில்லை. நீ இருக்கும்போது சொல்லியிருந்தால், பட்டுக்கடையில் உன்னோடு புடவை மடிக்கிற அத்தனை பேரிடமும் சொல்லிச் சிரித்திருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை.

படம் எடுப்பது நம் இருவருக்கும் பிழைப்பு இல்லை. நீ கடையில் புடவை மடித்தாய். நான் கம்பெனி பஸ் ஏறி செய்யாறு போய், ஸ்டோர்ஸில் அட்டைப்பெட்டிகளோடு மல்லுக்கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் நமக்கு. ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்ட என்னை நீ நடு பஜாரில் வைத்து "நெட்டை, ஜல்தி வா" என்று கூப்பிடுவாய். காய்கறிக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது என்று தெரிந்தும் கூப்பிடுவாய்.

ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கும் பிளாஷின் விலையைக் கேட்டுவிட்டு இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறதா? பிறகு இருப்பதிலேயே மலிவாக, எல்லாவற்றையும் நாமே கையால் திருகி வைக்க வேண்டிய பிளாஷ் இரண்டை ஒரே பார்சலில் வரவழைத்தோம். மாடல் ஒன்று. பேட்டரி கூட ஒரே கடையில் வாங்கியது. கேமராவில் மட்டும் என்னுடையது உன்னுடையதைவிட ஒரு படி மேல். அப்படியானால் என் படம்தானே நன்றாக வரவேண்டும்? வரவில்லை. என் படத்தில் முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்துக் கிடக்கும். ஜரிகை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை இருக்கும். உன் படத்தில் ஜரிகை ஜரிகையாகவே இருக்கும். சாமானைக் குற்றம் சொல்லவும் எனக்கு வழி இல்லாமல் போயிற்று.

பை விஷயத்தில் இன்னும் மோசம். நான் கறுப்புப் பை வாங்கினேன். உள்ளே ஒன்பது அறைகள், மேலே மழை உறை, இடுப்பில் கட்ட ஒரு பட்டை. நீ என்ன செய்தாய்? கல்யாண ஜவுளி எடுப்பவர்களுக்கு உங்கள் கடையில் இனாமாகக் கொடுக்கும் ரோஸ் நிறப் பை ஒன்றைக் கொண்டுவந்தாய். 'மணமக்கள் பல்லாண்டு வாழ்க' என்று பெரிய எழுத்தில் அச்சடித்த பை. புடவைப் பெட்டியின் அட்டையை வெட்டி, ஸ்பாஞ்ச் ஒட்டி, புடவை மடிக்கிற அதே கையால் மடித்து மடித்து உள்ளே தடுப்பு வைத்தாய்.

"இத மாட்டிகினு நீ வந்தா நான் கூட வரமாட்டேன்" என்றேன்.

"வராத. நான் மொய் வைக்கப் போறேன்னு நெனச்சிக்குவாங்க, அவ்ளோதான்" என்றாய்.

அப்படித்தான் நினைத்தார்கள். என் கறுப்புப் பை ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே இருப்பவர்கள் தலையைத் தடவிக்கொண்டு விறைத்து உட்கார்வார்கள். உன் ரோஸ் பை நுழைந்தால், புடவையோடு வந்த இன்னொரு விருந்தாளி என்று விட்டுவிடுவார்கள். நீ கேமராவை வெளியே எடுப்பதற்குள் அவர்கள் முகம் வீட்டு முகமாக இருக்கும். ஒருமுறை நம் ஊர்ப் பக்கம் சமணர் கோயில் இருக்கும் திருமலைக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா உன் பையைப் பார்த்துவிட்டு, "இன்னா கலரு எடுத்தீங்க?" என்று கேட்டார். நீ பையைத் திறந்து காட்டி, "கருப்பும்மா" என்றாய். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "இப்படியே ஒண்ணு எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டு எடுத்துவிட்டாய். உன் வீட்டுச் சுவரில் இன்னும் அந்த அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஒன்பது அறையில் எதில் லென்ஸை வைத்தேன் என்று தேடி முடிப்பதற்குள் பஸ் திருமலை வந்துவிட்டது.

என் வீட்டிலேயே உன் கொடி பறந்தது. எங்கள் கிரகப்பிரவேசத்தில் நீ எடுத்த படத்தை என் மனைவி கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினாள். நான் எடுத்தவை அலமாரியில் கிடக்கின்றன. கேட்டால், "அவரு எடுத்ததுலதான் நான் நல்லா கீறேன். நீங்க எடுத்ததுல ஜொரம் வந்தாப்புல கீறேன்" என்றாள். தினமும் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

எப்படி எடுக்கிறாய் என்று உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் உடனே சொல்லியிருப்பாய். நீ உடனே சொல்லிவிடுவாய் என்பதுதான் என்னைக் கேட்கவிடவில்லை.

பிளாஷின் முகத்தில் பட்டர் பேப்பரை மடித்து ரப்பர் பேண்டு போடுவதை நீயே காட்டினாய். புடவைக்குள் வைக்கும் அந்தக் காகிதத்தைக் கட்டுக்கட்டாக எனக்கும் கொடுத்தாய். அதைப் போட்டும் என் படம் ஒன்று வெளுக்கும், ஒன்று கறுக்கும். நீ வேறொன்றும் செய்துகொண்டிருந்தாய். விசேஷ வீட்டுக்கு முன்னதாகவே போய், பெண்ணை உட்காரவைக்கும் நாற்காலியிலிருந்து தரையில் கையை வைத்து அளப்பாய். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு முழம். நாள் முழுக்கப் புடவை அளந்த கைக்கு அடி, மீட்டர் எல்லாம் எதற்கு? நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாய். பிறகு பிளாஷைத் திருகிக்கொண்டே, "அரைக்கால் போதும்" என்பாய், இல்லையென்றால் "வீசம் வெச்சிக்கலாம்" என்பாய். பிளாஷ்காரன் வெளிச்ச அளவுக்கு எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று போட்டிருந்ததைப் பழைய வாய்ப்பாட்டுக் கணக்கில் அரைக்கால், வீசம் என்று ஆக்கிவிட்டாய்.

அந்தக் கணக்கு உன் பையின் மூடிக்கு உட்புறம் மார்க்கரில் எழுதியிருந்தது. மூணு முழம், வீசம். நாலேகால், அரைக்கால். ஆறு, கால். எட்டரை, அரை. டீக்கடையில் நீ கை கழுவப் போன நேரத்தில் மூடியைத் தூக்கி என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். திருட்டுதான். அதற்கு வேறு பெயர் தேடவில்லை.

அடுத்த மாதம் சேத்துப்பட்டில் என் அண்ணன் மகள் கல்யாணம். அண்ணன் போன் செய்து, "உன் சிநேகிதர் ஒருத்தரு நல்லா எடுப்பாராமே, அவரையும் இட்டுகினு வா" என்றார். அவர் வாயிலும் நீதான். "அவருக்குக் கடையில லீவு குடுக்கமாட்டாங்கண்ணா" என்று பொய் சொன்னேன். உன்னிடம் கல்யாணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. விடிந்ததும் போய் மணமேடையில் மண்டியிட்டு முழம் போட்டேன். "கீழ இன்னாடா தேடிகினு கீற?" என்று அண்ணன் கேட்டார். "லென்ஸ் மூடி" என்றேன். கோடு போட்டேன், கோட்டில் நின்றேன், நீ எழுதியபடியே திருகினேன். கேமராத் திரையில் படம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் பிளாஷின் அளவைத் தொடவில்லை. உன் கணக்கு தப்பாது என்று அவ்வளவு நம்பிக்கை. என் கண்ணைவிட உன் கையெழுத்தை நம்பினேன்.

காலை முகூர்த்தத்தில் தாலி கட்டியது, படத்தில் பொழுது சாய்ந்த பிறகு கட்டியது போல வந்தது. பெண்ணின் முகம் தெரிய அண்ணி போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அதுதான் பேஜாராக இருந்தது.

அந்தப் படங்கள் யார் மூலமாகவோ உன் போனுக்கும் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாய். கல்யாணத்துக்கு ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பாய் என்று பார்த்தேன். நீ கேட்டது வேறு.

"கொஞ்சம் இருட்டா கீதே. எத்தினி முழம் வெச்ச?"

"இன்னா முழம்? எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

நீ என் கையைப் பிடித்து இழுத்து மேஜை மேல் வைத்தாய். பக்கத்தில் உன் கையை வைத்தாய். முழங்கை இரண்டும் ஒரே கோட்டில். என் விரல்கள் உன் விரல்களைத் தாண்டி நான்கு அங்குலத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன.

"நெட்டை, உன் கையும் என் கையும் ஒண்ணா?" என்று சிரித்தாய். டீ மாஸ்டரும் சிரித்தார்.

முழத்துக்கு நான்கு அங்குலம் கூடுதலாகத் தள்ளி நின்றிருக்கிறேன், வெளிச்சம் எப்படிப் போய்ச் சேரும்? பூ வாங்கும்போது "உன் கை குட்டையா கீதும்மா, அந்த அம்மாவ அளக்கச் சொல்லு" என்று சண்டை பிடிக்கிறவன் நான். எனக்குத் தோன்றவில்லை. திருடியது வெளியே வந்ததைவிட, திருடியும் எடுக்கத் தெரியவில்லை என்பது வெளியே வந்ததுதான் தாங்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. நீ போன் செய்தாய். மணி அடித்து ஓயும்வரை திரையில் உன் பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நான்காவது வாரம் கம்பெனி பஸ்ஸில் இருக்கும்போது சேதி வந்தது. கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தபோது மார்வலி என்றார்கள். வந்தேன். கூட்டத்தின் பின்னால் நின்றேன். உயரத்தினால் அங்கிருந்தே உன் முகம் தெரிந்தது.

உன் வருஷத் திதிக்கும் வந்தேன். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், என் கண் ஆணியில் தொங்கும் ரோஸ் பை மேலேயே இருக்கிறது. இவ்வளவு கேவலமாக ஒருவன் இருப்பானா என்று எனக்கே இருந்தது. உன் மனைவி கவனித்துவிட்டு, "அவருது எதாச்சும் வேணுமாண்ணா?" என்றார். "சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் வேணாம்மா" என்றேன்.

மூன்று வாரம் கழித்து அவரே பையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உங்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

"ஸ்டூடியோவுல சொல்லலாம். மனசு வரல. அவரு இருந்தா அவரே எடுத்திருப்பாரு. இந்தப் பைய எங்களக்கூடத் தொடவுடமாட்டாரு. நீங்க இதுல இருக்கறத வெச்சே எடுத்துக் குடுங்கண்ணா" என்றார்.

பையை வாங்கிக்கொண்டேன். அவர் போனதும் மூடியைத் தூக்கினேன். நான் திருடிய அன்று ஒரே ஒரு வரிசைதான் இருந்தது. இப்போது அதன் பக்கத்தில், நீல மையில், இன்னொரு வரிசை. இரண்டரை முழம், வீசம். மூணரை, அரைக்கால். அஞ்சு, கால். ஏழு, அரை. அதன் தலையில் 'நெட்டை' என்று எழுதியிருந்தாய். உன் பழைய வரிசையின் தலையிலும் அதே நீல மையில் புதிதாக ஒரு சொல்: 'குட்டை'.

நான் போனை எடுக்காமல் வீம்பு பிடித்த அந்த மூன்று வாரத்தில், மேஜை மேல் ஒரு நிமிஷம் கிடந்த என் கையின் அளவை நினைவு வைத்து எழுதியிருக்கிறாய். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாய். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, இதிலும் இவன்தான் ஜெயித்தான் என்று ஒரு எரிச்சல் வந்தது. மறைப்பானேன்.

நேற்று காலை நிச்சயதார்த்தம். முன்னதாகவே போய், உன் மகள் உட்காரும் நாற்காலியிலிருந்து என் கையால் மூன்றரை முழம் அளந்தேன். பார்த்தவர்கள் யாரும் என்ன தேடுகிறாய் என்று கேட்கவில்லை. உன்னைப் பார்த்துப் பழகிய வீடு. கோட்டில் நின்று அரைக்காலில் வைத்து அழுத்தினேன். மயில் கழுத்து நிறப் புடவை. மடிப்பில் நீலமும் மேட்டில் பச்சையும் தனித்தனியாக வந்தன. ஜரிகை ஜரிகையாகவே வந்தது. உன் ஜாடையில் இருக்கும் அந்தப் பெண், முதல் படத்திலேயே, இருந்தபடி இருந்தாள். இத்தனை வருஷத்தில் என் கை எடுத்த முதல் நல்ல படம்.

உன் மனைவியிடம் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அப்படியே அவரு எடுத்தாப்புல கீதுண்ணா" என்றார்.

பற்றிக்கொண்டு வந்தது. நான் எடுத்ததும்மா, என் முழம்மா அது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "ஆமாம்மா" என்றேன்.

பையைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. அதனால்தான் இப்போது என் மடியில் இருக்கிறது. உன் அந்துருண்டை கரைந்து பாதியாகிவிட்டது, நாளைக்குப் புதிது வாங்கிப் போட வேண்டும். இன்று காலை மார்க்கரை எடுத்து, அந்தப் பிடிக்காத பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதலாம் என்று மூடியைத் தூக்கினேன். எழுதவில்லை. ஆரணி பஜாரில் என்னை நெட்டை என்று கூப்பிட இனி ஆள் இல்லை.