செத்த மவுஸு பொழைச்சுக்கிச்சு

ஜெனித் அப்பா,

நான் திண்டிவனம் அக்கா வீட்டுக்குப் போறேன். கேப்பை அடையும் மல்லாட்டைச் சட்னியும் மூடி வச்சிருக்கேன்.

மவுஸு ஓடுது! "உன் கை பட்டுத்தான் செத்துச்சு"ன்னு கத்தினீங்களே, என் கை பட்டுத்தான் பொழைச்சுது. விழுப்புரத்துல ஒரு கடைக்காரரும் கண்டுபிடிக்கல. லேப்டாப்ல ஓடுற லினக்ஸ் மேலயும் தப்பில்ல. பேட்டரி மிச்சமாவும்னு நீங்க ஒரு சாப்ட்வேர் போட்டீங்களே, அதுதான் கை எடுத்ததும் மவுஸைத் தூங்க வச்சிக்கினு இருந்திச்சு. அதோட செட்டிங்ஸ்ல ஒரே வரி மாத்தினேன், காலையிலேர்ந்து ஜம்முனு ஓடுது.

லேப்டாப்ல வெறும் பக்கம் ஒண்ணு திறந்து வச்சிருக்கேன். நான் வர்றதுக்குள்ள அதுல சாரின்னு டைப் பண்ணி வைங்க.

லூர்து

ஓரத்துல எழுதுறேன், பாருங்க: கரண்டு மிச்சம்னு பிரிட்ஜை ஆஃப் பண்ணிடாதீங்க. உங்களுக்குன்னு வச்ச மீன் குழம்பு உள்ள இருக்குது.